அம்மா என்கிற இரைச்சல்

கம்ப்யூட்டரை டிவியோடு இணைப்பது ஒரு வேலையே அல்ல. கேபிளின் ஒரு முனையை இங்கே செருகி, மறுமுனையை அங்கே செருகினால் முடிந்தது. செவ்வாய்க்கு ஆள் போய்த் திரும்பி வந்து பேட்டி கொடுத்துக்கொண்டிருக்கும் இந்தக் காலத்திலும் அதற்கு ஆள் கூப்பிடுகிறார்கள். அந்த ஆள் நான்தான். பெயர் அருளானந்து, பதினோரு வருட சர்வீஸ். தஞ்சாவூர் வட்டாரத்தில் சுவரையே அடைக்கிற டிவியை வாங்கி மாட்டிவிட்டு, ரிமோட்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு "படம் வரலீங்க" என்று புகார் சொல்கிற அத்தனை புத்திசாலிகளையும் எனக்கு நேரில் தெரியும்.

டிவி பெரிதானதும் இவர்களுக்கு ஒரு புதுக் கவலை வந்தது. துபாயில் இருக்கிற மைத்துனனோடு பேசும்போது அவன் வீடு நம் சுவரில் ஆளுயரத்துக்குத் தெரிகிறது, சரி. நம் வீடும் அவன் சுவரில் அப்படித்தானே தெரியும்? கொடியில் காயும் உள்பாவாடை, பனியனோடு குறுக்கே போகும் மாமனார், குக்கர் விசில், எல்லாமே தெரியும், கேட்கும். வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்வது ஒரு வழி. அதை யார் செய்வது? அதற்குப் பதிலாக எங்கள் கம்பெனி 'தெளிவி'யைக் கண்டுபிடித்தது.

தெளிவி என்பது சோப்பு டப்பா அளவுக்கு ஒரு பெட்டி. கம்ப்யூட்டருக்கும் டிவிக்கும் நடுவில் உட்காரும். ஒரு மண்டலம், அதாவது நாற்பத்தெட்டு நாள், வீட்டில் இருப்பவர்களின் கண்ணையும் காதையும் கவனித்துப் பழகிக்கொள்ளும். யாரும் ஏறெடுத்துப் பார்க்காத பொருள் குப்பை. யாரும் பதில் சொல்லாத சத்தம் இரைச்சல். மண்டலம் முடிந்ததும் இரண்டையும் நீக்கிவிட்டு மிச்சத்தை மட்டும் காட்டும். 'உங்கள் வீடு, நீங்கள் பார்க்கும் விதத்தில்' என்பது எங்கள் விளம்பர வாசகம். எழுதியவனுக்குத் தான் என்ன எழுதினோம் என்று தெரிந்திருக்காது.

அன்று காலை பத்தரை மணிக்கு நான் போனது மருத்துவக் கல்லூரிச் சாலைப் பக்கம், கலியபெருமாள் என்பவர் வீட்டுக்கு. ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். ஓய்வு பெற்றாலும் அந்தப் பதவி முதுகை விட்டு இறங்காத ரகம். நான் செருப்பைக் கழற்றுவதற்குள் பாடம் ஆரம்பித்துவிட்டார்.

"மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன். நீங்க டிவியைத் தொறந்து நோண்ட வேண்டிய அவசியமே இல்ல. கோளாறு அந்த டாக்டர் பொண்ணு கண்ணுல."

"என்ன சார் ஆச்சு?"

"என் வீட்ல அவளுக்கு ரெண்டு மாசமா வயித்துல கேஸ். சென்னையில ஒரு டாக்டர், ரெஹானான்னு பேரு, டிவியிலயே பாக்குறாங்க. மூணு தடவ பேசியாச்சு. நான் உக்காந்திருக்கேன், பையன், மருமவ உக்காந்திருக்காங்க, அவளும் பக்கத்துலயேதான் இருக்கா. போன தடவ அந்தப் பொண்ணு என்னைக் கேக்குது, 'பேஷண்டைக் கண்ணுலயே காட்டாம எத்தனை நாளைக்கு மருந்து வாங்குவீங்க'ன்னு. முப்பத்தாறு வருஷ சர்வீஸ்ல என்னைப் பொய்யன்னு ஒருத்தன் சொன்னதில்ல."

அவருக்கு வலித்த இடம் அதுதான். மனைவியின் வயிறு இல்லை.

அன்று பதினோரு மணிக்கு நான்காவது தடவை. நோயாளி முகத்தைப் பார்க்காமல் இனி பேச மாட்டேன், அப்புறம் வேறு டாக்டரைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். வேறு டாக்டர் என்றால் ஆறு வாரம் காத்திருக்க வேண்டும். போனில் பேசலாமே என்று கேட்பீர்கள். இப்போது வீட்டுக் கம்ப்யூட்டர்தான் எல்லாவற்றுக்கும் வாசல். போன் பேச்சும் அதன் வழியாகத்தான் போகும், தெளிவியின் பழக்கவழக்கமும் கூடவே போகும். மருத்துவமனையோ பதிவு செய்த வீட்டு இணைப்பைத் தவிர வேறு எதையும் எடுக்காது. அந்தப் பதிவில் பெட்டியும் சேர்த்தி, அதைக் கழற்றினால் இணைப்பே கிடைக்காது.

நான் சோபாவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தேன். யாரோ காபியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்கள். தலையைத் தூக்காமலே டம்ளரைப் பார்த்து "தேங்க்ஸ்" என்றேன். அப்புறம்தான் அது நோயாளி என்று தெரிந்தது. அறுபது வயதிருக்கும். இளைத்த உடம்பில் வயிறு மட்டும் மேடிட்டிருந்தது. ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டுதான் நிமிர முடிந்தது.

"டாக்டர்கிட்ட பேசுறப்ப எப்படி உக்காருவீங்களோ, அப்படி எல்லாரும் உக்காருங்க," என்றேன்.

நடுவில் தலைமையாசிரியர். இடது பக்கம் மகன் பாரிவள்ளல், அவனை ஒட்டி அவன் மனைவி மேகலா. வலது ஓரத்தில் அந்த அம்மாள். இவர்கள் படமே இவர்களுக்கு எதிரே வரும்படி டிவியைப் போட்டேன்.

மூன்று பேர் தெரிந்தார்கள். வலது ஓரத்தில் பூப்போட்ட தலையணை ஒன்று சாய்ந்திருந்தது. அப்படி ஒரு தலையணை அங்கே கிடையாது. காலி இடம் அசிங்கமாகத் தெரியக்கூடாதென்று தெளிவியே தைத்துப் போட்டிருந்தது.

நான் உடனே சொல்லவில்லை. இவர்களுக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்துப் பார்க்கலாம் என்று தோன்றியது.

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க. படத்துல எதாவது கொறையுதா?"

மூன்று பேரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்கள்.

"என் ஸ்கின் கொஞ்சம் டல்லாத் தெரியுதுல்ல?" என்றாள் மேகலா.

"ஓரம் லேசா வெட்டுதுப்பா. செட்டிங்ஸ்ல சரி பண்ணலாம்," என்றான் பாரி.

"கலரெல்லாம் கொறையில்ல," என்றார் தலைமையாசிரியர், மாணவனுக்கு மார்க் போடுகிற மாதிரி.

நான்காவது ஆள் மடியில் இருந்த தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா எங்க?" என்று கேட்டேன்.

"இதோ இருக்காங்களே," என்று பாரி பக்கவாட்டில் கையைக் காட்டினான்.

"இங்க இல்ல. டிவியில."

 

பெட்டிக்குள் தெளிவி ஒரு குடும்பப் பட்டியல் வைத்திருக்கும். யாரை எப்போதும் அழிக்கக்கூடாது என்கிற பட்டியல். அதைத் திறந்தேன். கலியபெருமாள். பாரிவள்ளல். மேகலா. நான்காவதாக, சிட்டு.

"சிட்டு யாரு? உங்க குழந்தையா?"

மேகலா லேசாகச் சிரித்தாள். "இல்லீங்க, அது தரை தொடைக்கிற மிஷின். நாங்க பேர் வச்சுக் கூப்பிடுவோம். கூப்பிட்டா கீச்னு பதில் சொல்லும்."

பேர் வைத்திருக்கிறார்கள், கூப்பிடுகிறார்கள், அதுவும் பதில் சொல்கிறது. தெளிவிக்கு அதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்? தரை துடைக்கும் மிஷின் இந்தக் குடும்பத்தில் ஓர் உறுப்பினர். வேண்டுமானால் சோபாவில் ஏறி உட்கார்ந்து டாக்டரிடம் தன் வயிற்றைப் பற்றிப் பேசலாம்.

"உங்க மிஷின் சுத்த முட்டாள் மிஷினா இருக்கே," என்றார் தலைமையாசிரியர். "நாள் முழுக்க அவ இந்த வீட்டுக்குள்ளதான இருக்கா?"

"மிக்ஸியும்தான் சார் இருக்கு. இருந்தாப் பத்தாது. யாராவது பேர் சொல்லிக் கூப்பிடணும், அவங்க வாயைத் தொறந்து பதில் சொல்லணும், கூப்பிட்டவங்க அவங்க மூஞ்சியைப் பாக்கணும். இந்த மூணும் நடந்தா அது ஆளுன்னு எழுதிக்கும்."

"அம்மான்னு கூப்பிடறோமே," என்றான் பாரி.

பதிவுகளை எடுத்துக் காட்டினேன். அந்த வீட்டில் ஒரு நாளைக்குச் சராசரியாக நூற்று எண்பது தடவை 'அம்மா' என்ற சொல் வருகிறது. சோபாவில் உட்காரும்போது தலைமையாசிரியர் "அம்மா" என்கிறார். எழுந்திருக்கும்போது "அம்மாடி" என்கிறார். மருமகளை "என்னம்மா" என்கிறார். கீரைக்காரியை "எவ்வளவும்மா" என்கிறார். பாரி கால் கட்டைவிரலை மேஜையில் இடித்துக்கொண்டு "யம்மா" என்று அலறுகிறான். அவனே மேகலாவை "சொல்லும்மா" என்று கொஞ்சுகிறான். தெளிவியை எழுதியவர்கள் எந்த ஊர்க்காரர்களோ, இந்த ஊரில் அம்மா என்பது மூச்சு மாதிரி என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. அது எண்ணிப் பார்த்துவிட்டு ஒரு முடிவுக்கு வந்திருந்தது. இந்த மனிதர்கள் இருமுவது, தும்முவது, கொட்டாவி விடுவது போல 'அம்மா' என்றும் ஒரு சத்தம் போடுகிறார்கள். இரைச்சல் பட்டியலில் குக்கர் விசிலுக்கு அடுத்த வரியில் இருந்தது அந்தச் சொல்.

"நீங்க எப்படிக் கூப்பிடுவீங்க சார்?"

"நானா? இந்தான்னுதான்."

"பேப்பரை நீட்டும்போதும் அதைத்தான சொல்றீங்க. பையன்கிட்ட சாவியைக் குடுக்கும்போதும் அதான்."

"நான் அத்தைன்னு கூப்பிடுறேனே," என்றாள் மேகலா.

"கூப்பிடுறீங்க. போனைப் பாத்துக்கிட்டே கூப்பிடுறீங்க. அவங்களும் பதில் சொல்றதில்ல, கேட்டதைக் கொண்டாந்து வச்சுட்டுப் போயிடுறாங்க. அவங்களா வாயைத் தொறந்து பேசினது, பெட்டி வந்த இந்த நாலு மாசத்துல மூவாயிரத்துச் சொச்சம் வாக்கியம். யாராச்சும் திரும்பிப் பதில் சொன்னது பத்துக்கும் கம்மி."

சொல்லும்போது என் குரலில் ஒரு குஷி இருந்திருக்கும். மற்றவர் வீட்டு லட்சணத்தைப் படம் போட்டுக் காட்டும் வேலையில் அது ஒரு கூடுதல் வருமானம். ஆனால் மணி பத்து ஐம்பது. அந்த அம்மாள் இடுப்பில் வைத்த கையை எடுக்கவே இல்லை. எனக்குக் கோபம் வர ஆரம்பித்தது.

"சுலபமான வழி ஒண்ணு இருக்கு. பெட்டியை மொத்தமா அழிச்சுடறேன். இப்பவே எல்லாரும் தெரிவாங்க. திரும்ப ஒரு மண்டலம் பழகும்."

"அந்த நாப்பத்தெட்டு நாளும்?" என்றாள் மேகலா.

"வீடு இருக்கிறபடி தெரியும். கொடி, குக்கர், எல்லாம்."

மேகலா கணவனைப் பார்த்தாள். கணவன் தலையணை இல்லாத சோபா மூலையைப் பார்த்தான். "எனக்கு டெய்லி ரெண்டு ஆபீஸ் மீட்டிங் இருக்குங்க. பின்னாடி குக்கர் விசிலடிச்சா எப்படி? வேற வழி இல்லையா?"

பெற்ற தாயின் உயிரா, குக்கர் விசிலா என்று யாரும் அவர்களிடம் நேராகக் கேட்கவில்லைதான். நேராகக் கேட்டால்தான் புரியும் என்றால் அதைக் கேட்கவே வேண்டியதில்லை. நான் வாய்க்கு வந்ததை விழுங்கிக்கொண்டு இரண்டாவது வழியைச் சொன்னேன். பெயர் சேர்க்கை. நானாகத் தட்டி எழுதினால் பெட்டி ஏற்காது. வீட்டு ஆள் ஒருவர், அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்து, பெயர் சொல்லி ஏழு தடவை கூப்பிட வேண்டும். ஒவ்வொரு தடவையும் அவர் பதில் சொல்ல வேண்டும். இரண்டு நிமிடம்கூட ஆகாது.

ஆறு நிமிடம் ஆயிற்று, யார் கூப்பிடுவது என்று முடிவு செய்யவே.

"பெத்த தாயைப் பேர் சொல்லிக் கூப்பிட முடியுமா? மரியாதைன்னு ஒண்ணு இருக்குல்ல," என்றான் பாரி.

"மாமியார் பேரை நான் சொன்னா நல்லாவா இருக்கும்? மரியாதையா இருக்காது," என்றாள் மேகலா.

"நாப்பத்தோரு வருஷத்துல அவளை நான் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்ல," என்றார் தலைமையாசிரியர், மெடல் வாங்கியவர் மாதிரி. "வீட்டுப் பொம்பளை பேரை நாலு பேர் காதுல விழற மாதிரி கூப்பிடறது மரியாதை இல்ல."

மரியாதைக்கு இப்படி ஒரு பயன் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். மூன்று பேர் அவ்வளவு மரியாதை கொடுத்து ஓர் ஆளை இல்லாமலே ஆக்கிவிட்டார்கள். அழித்த பெட்டியாவது நாற்பத்தெட்டு நாள் எடுத்துக்கொண்டு யோசித்தது.

"சார், முப்பத்தாறு வருஷம் அட்டெண்டென்ஸ் எடுத்தீங்கள்ல," என்றேன். "ஏழே ஏழு தடவை. இப்ப எடுக்கலேன்னா பதினோரு மணிக்கு அந்த டாக்டர் உங்களைப் பொய்யன்னுதான் எழுதி வைப்பாங்க."

அது வேலை செய்தது. மனைவிக்காக அசையாதவர் தன் பெயருக்காக அசைந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, வலது பக்கம் திரும்பி, வகுப்பறைக் குரலில் கூப்பிட்டார்.

"தையல்நாயகி."

அந்த அம்மாள் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார். யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்தாராம்.

"உன்னைத்தான்," என்றார் தலைமையாசிரியர் எரிச்சலோடு. "தையல்நாயகி."

"என்னையா?"

பெட்டியில் ஒரு பச்சைப் புள்ளி வந்தது. மூன்றாவது தடவை "ம்" என்றார். அது செல்லாது, வாயைத் திறக்க வேண்டும் என்றேன். நான்காவது தடவை "என்னங்க" என்றார். ஐந்தாவது தடவை அவர் முந்தானையை இழுத்துச் சரி செய்துகொண்டு நேராக உட்கார்ந்தார். இரண்டு வீணானதால் ஒன்பது தடவை கூப்பிட வேண்டியிருந்தது. ஒன்பதாவது தடவை, கணவர் கூப்பிட்டு முடிப்பதற்குள்ளேயே "சொல்லுங்க" என்றார். அந்தக் குரல் கொஞ்சம் உரக்கவே இருந்தது.

டிவியில் பூப்போட்ட தலையணை மங்கி, ஒரு தோள் வந்தது, பிறகு முகம் வந்தது. மூன்று பேரும் ஆச்சரியமாக டிவியையே பார்த்தார்கள். கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்தவரை அப்போதும் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு அருவருப்பாக இருந்தது. காரியம் முடிந்தது, கிளம்பிவிடலாம் என்று நினைத்தேன். அதற்குள் பதினொன்று அடித்து டாக்டர் வந்துவிட்டார்.

டாக்டர் ரெஹானா சுவர் முழுக்கத் தெரிந்தார், ஒரு மூலையில் இவர்கள் படமும் சின்னதாக இருந்தது. களைத்த, கண்டிப்பான முகம். ஏதோ சொல்ல வாயெடுத்தவர் வலது ஓரத்தைப் பார்த்து நிறுத்தினார்.

"நீங்கதான் பேஷண்டா?"

"ஆமாங்க."

"இவளுக்கு இன்னும் அந்த கேஸ் தொந்தரவுதான்," என்று தலைமையாசிரியர் ஆரம்பித்தார்.

"சார், நீங்க பேசாதீங்க. அம்மா, நீங்க சொல்லுங்க. என்ன பண்ணுது?"

தையல்நாயகி கணவரைப் பார்த்தார். பிறகு டிவியைப் பார்த்துச் சொன்னார். தீட்டு நின்று எட்டு வருடம் ஆகிறது, இப்போது மறுபடி படுகிறது. அடிவயிற்றில் வலி. இரண்டு கவளம் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடுகிறது. உடம்பு இளைக்கிறது, வயிறு மட்டும் ஏறுகிறது. எல்லாவற்றையும் வரிசையாக, ஒரு தடுமாற்றமும் இல்லாமல் சொன்னார். பலமுறை சொல்லிப் பழகியவர் சொல்கிற மாதிரி இருந்தது.

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டார். "மறுபடி படுதா? இது எப்பலேர்ந்து?"

"ரெண்டு மாசமா. மொத தடவ பேசினப்பவே சொன்னேனுங்களே."

"எங்கிட்டயா?"

"உங்ககிட்டதான். மூணு தடவையும் சொன்னேன். நீங்க எதுவும் கேக்காம அவர்கிட்ட பேசிக்கிட்டிருந்தீங்க. பெரிய விஷயம் இல்ல போலன்னு விட்டுட்டேன்."

நான் எழுந்து முன்னால் போய், யார் நான், என்ன நடந்தது என்பதை நான்கு வாக்கியத்தில் டாக்டருக்குச் சொன்னேன். அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் என்னைப் பொருட்படுத்தவே இல்லை. கலியபெருமாளைப் பார்த்தார்.

"எனக்குக் கேக்கல, சரி. நடுவுல ஒரு பெட்டி இருந்துச்சு. உங்களுக்கும் அவங்களுக்கும் நடுவுல என்ன சார் இருந்துச்சு? மூணு தடவையும் பக்கத்துலயே உக்காந்திருந்தீங்களே."

தலைமையாசிரியர் மகனைப் பார்த்தார். மகன் மனைவியைப் பார்த்தான். மேகலா சிட்டுவைப் பார்த்தாள், அது சோபாவுக்கு அடியில் எதையோ துடைத்துக்கொண்டிருந்தது.

"இன்னிக்கே கூட்டிட்டு வாங்க," என்றார் டாக்டர். "நாளைக்குன்னு சொல்லாதீங்க. ரெண்டு மாசத்துக்கு முன்னாடி வந்திருந்தா நான் வேற மாதிரி பேசியிருப்பேன்." அதற்கு மேல் அவர் எதுவும் விளக்கவில்லை. இணைப்பு முடிந்தது.

பிறகு வீட்டில் ஒரே அமளி. பாரி கார் சாவியைத் தேடினான். தலைமையாசிரியர் பழைய மருந்துச் சீட்டுகளைத் தேடினார். மேகலா ஆபீசுக்குப் போன் போட்டு லீவு கேட்டுக்கொண்டிருந்தாள், குரல் உண்மையாகவே நடுங்கியது. தேடுகிறவர்கள் எல்லாரும் "எங்க வச்ச?" என்று கேட்டது தையல்நாயகியைத்தான். அவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே சாவி எங்கே, சீட்டு எங்கே என்று சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது அவர் சொன்னது எல்லாருக்கும் கேட்டது.

அந்த மூன்று பேரையும் நினைத்தால் எனக்கு இப்போதும் வாய் கசக்கிறது. நான் கேபிளைச் சுருட்டிக்கொண்டே அவர் அருகில் போனேன். எனக்கு ஒன்று விளங்கவே இல்லை. மூன்று தடவையும் டாக்டர் படத்தின் மூலையில் இவர்கள் படமும் எதிரே ஓடியிருக்கிறது. கண் நன்றாகத் தெரிகிற ஒருவர், தான் அதில் இல்லை என்பதை எப்படிப் பார்க்காமல் இருந்தார்?

"ஏம்மா, டிவியில நீங்க தெரியலங்கிறதை ஒரு தடவகூட கவனிக்கலையா?"

"மொத நாளே பாத்தேன் தம்பி. நான் உக்காந்திருந்த எடத்துல ஒரு தலகாணி இருந்துச்சு."

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல, டிவி கெட்டுப்போச்சுன்னு?"

அவர் சோபாவின் கைப்பிடியைப் பிடித்து மெல்ல எழுந்து நின்றார். நான் ஏதோ அசட்டுக் கேள்வி கேட்டுவிட்ட மாதிரி என்னைப் பார்த்தார்.

"மத்தவங்க எல்லாம் தெளிவாத் தெரிஞ்சாங்களேப்பா," என்றார். "டிவி சரியாத்தான் காட்டுதுன்னு நெனைச்சேன்."